ஒட்டுகிறதா, உதிர்கிறதா, கசக்கிறதா? சட்டி கார்ன்பிரெட் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வார்ப்பிரும்புச் சட்டியில் சுடுகிற மக்காச்சோள ரொட்டியான கார்ன்பிரெட்டுக்கு வேண்டியவை கார்ன்மீல் (கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த மக்காச்சோள மாவு), பட்டர்மில்க் (புளிக்கவைத்த கெட்டியான பால்), முட்டை, உப்பு, சமையல் சோடா, பேக்கிங் பவுடர், கொழுப்பு. பொருள்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால் ஒன்று பிசகினாலும் தட்டில் தெரிந்துவிடும். சரியாக வராதபோது பலரும் மைதாவைச் சேர்க்கிறார்கள், சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு கேக் கிடைக்கும். கோளாறு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். செய்முறையில் கை வைக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: மாவை ஊற்றிய நேரத்தில் சட்டி எவ்வளவு சூடாக இருந்தது, கடையில் வாங்கியது எந்த மாவு. கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில்தான் போய் முடியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

10 அங்குலச் சட்டிக்கு கார்ன்மீல் 2 கப், உப்பு 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், பட்டர்மில்க் ஒன்றரை கப், முட்டை 1, கொழுப்பு (பேக்கன் கொழுப்போ கடலை எண்ணெயோ நெய்யோ) 4 டேபிள்ஸ்பூன். கப் என்றால் 240 மில்லி. ஓவனை 230 டிகிரி செல்சியஸுக்கு வைத்து, காலிச் சட்டியை ஆரம்பத்திலேயே உள்ளே வைத்துவிடுங்கள். நன்றாகச் சூடானதும் கொழுப்பைச் சட்டியில் விட்டு, உருகியதும் சுழற்றி, முக்கால்வாசியை அப்போதுதான் கலந்த மாவில் ஊற்றிக் கிளறி, மாவை உடனே சட்டியில் ஊற்றி ஓவனுக்குள் தள்ள வேண்டும். 20 முதல் 25 நிமிடம் ஆகும். மாவின் பதம் இட்லி மாவைவிடத் தளர்வாகவும் தோசை மாவைவிடக் கெட்டியாகவும் இருக்கட்டும். சட்டியின் கைப்பிடியும் அதே 230 டிகிரியில்தான் இருக்கும். வெளியே எடுத்த பிறகும் அதன்மேல் ஒரு தடித்த துணியைச் சுற்றியே வையுங்கள்.

இந்த அளவிலிருந்து எங்கே விலகினீர்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சட்டியில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது

மாவை ஊற்றியபோது சத்தம் கேட்டதா? இதுதான் முதல் கேள்வி. ஊற்றிய நொடியில் 'சுர்ர்' என்று பொரிய வேண்டும், ஓரம் உடனே நுரைத்து இறுக வேண்டும். சத்தமே இல்லை என்றால் சட்டி சூடாகவில்லை, ஒட்டியதற்குக் காரணம் அதுதான். சூடான சட்டியில் மாவின் அடிப்பகுதியில் இருக்கும் தண்ணீர் உடனே ஆவியாகி, கொழுப்பின் மேலேயே மாவு பொரிந்து மேலோடு கட்டிவிடும். ஆறிய சட்டியில் மாவு மெதுவாக இரும்பின்மேல் படிந்து, ஸ்டார்ச் வெந்து, பசையாக ஒட்டிக்கொள்ளும்.

இங்கே பலரை ஏமாற்றுவது ஓவனின் விளக்கு. 230 டிகிரி வந்துவிட்டது என்று அது சொல்வது உள்ளே இருக்கும் காற்றைப் பற்றி. வார்ப்பிரும்பு கனமானது, சூடேற நேரம் எடுக்கும், ஏறிய சூட்டை விடவும் நேரம் எடுக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் இந்தச் சட்டியை எடுக்கிறோம். ஆகவே விளக்கு அணைந்த பிறகும் 10, 15 நிமிடம் கூடுதலாக விடுங்கள். அடுப்பில் சூடாக்குவதாக இருந்தால் சின்னத் தீயில், சட்டியை அவ்வப்போது திருப்பித் திருப்பி வைத்துச் சூடாக்க வேண்டும். வார்ப்பிரும்பில் சூடு பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும். பெரிய தீ வைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் ஒட்டும். மாவில் ஒரு சொட்டைக் கொழுப்பில் விட்டுப் பாருங்கள். உடனே பொரிந்தால் ஊற்றலாம்.

சத்தம் நன்றாகக் கேட்டும் ஒட்டுகிறதென்றால் கொழுப்பு குறைவு, அல்லது சட்டி இன்னும் பழகவில்லை. புதுச் சட்டி பழக்கியே வருகிறதே என்று கேட்கலாம். டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்கில் 1896இல் தொடங்கிய லாட்ஜ் வார்ப்பாலை 2002 முதல் சட்டிகளை எண்ணெய் பூசிச் சுட்டே விற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் தேசிய கார்ன்பிரெட் திருவிழா நடப்பதும் அந்தச் சின்ன ஊரில்தான். ஆனால் ஆலையில் ஏற்றும் பூச்சு மெல்லியது. முதல் சில தடவை ஒரு ஸ்பூன் கொழுப்பைக் கூட்டியே விடுங்கள்.

நடுவில் மட்டும் வட்டமாக ஒட்டினால், அந்தச் சட்டியில் புளிக்குழம்போ தக்காளியோ கொதித்திருக்கும். புளிப்பு அந்தப் பூச்சைத் தின்றுவிடும். திரும்பப் பழக்குவது எளிது: கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, எண்ணெயை உள்ளும் புறமும் தடவி, பிறகு தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, ஓவனில் கவிழ்த்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று ஆகிவிடும், அதிலும் ஒட்டும். பாத்திரம் கழுவும் சாதாரண சோப்பு இந்தப் பூச்சைக் கெடுக்காது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான் கெடுக்கும்.

அடிப்பக்கம் வெளுத்து மெத்தென்று இருக்கிறது

பெரும்பாலும் மேலே சொன்ன அதே காரணம்தான், சட்டியில் சூடு போதவில்லை. அடி நன்றாகச் சிவந்து வந்து, பத்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிட்டது என்றால், சட்டியிலேயே விட்டுவிட்டீர்கள். சட்டியில் இருந்தால் உள்ளே இருக்கும் ஆவிக்குப் போக்கிடம் கிடையாது, மேலோடு நனைந்துவிடும். எடுத்த உடனே கம்பி வலையின் மேல் கவிழ்த்துவிடுங்கள், சிவந்த பக்கம் மேலே இருக்கட்டும். தெற்கில் பலர் அப்படிக் கவிழ்த்தபடியே பரிமாறுவார்கள். எனக்கும் அதுதான் சரியான பக்கம்.

வெட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது

இதுதான் அதிகம் கேட்கும் புகார், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். கோதுமையில் மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் மக்காச்சோளத்தில் கிடையாது. பிடித்து வைக்க இருப்பவை இரண்டுதான்: முட்டை, அப்புறம் வெந்து கூழான ஸ்டார்ச். எது குறைந்தது என்று பாருங்கள்.

முதலில் பொறுமையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஓவனிலிருந்து எடுத்த கையோடு வெட்டினால் எந்தக் கார்ன்பிரெட்டும் உதிரும். கவிழ்த்து வைத்து ஒரு பத்து நிமிடம் விட்டால் ஸ்டார்ச் கொஞ்சம் இறுகும். அதற்கு மேல் ஆறவிடவும் வேண்டாம், சூட்டில்தான் ருசி.

அப்படியும் உதிர்ந்தால் மாவு கெட்டியாக இருந்திருக்கலாம். கல் எந்திரத்தில் அரைத்த கார்ன்மீல் கொரகொரப்பாக இருக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும். கலந்து ஐந்து நிமிடத்தில் மாவு இறுகிப்போனால் பட்டர்மில்க்கை ஒன்றே முக்கால் கப் வரை ஏற்றுங்கள். முட்டையை இரண்டாக்கிப் பாருங்கள். ஓவனில் 30 நிமிடம் தாண்டிவிட்டதா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். ஈரம் போனால் பிடிப்பும் போகும்.

இவற்றில் எதற்கும் சரிப்படாவிட்டால் மாவின் ஒரு பகுதியை முன்னாலேயே வேகவைத்துவிடலாம். மக்காச்சோள ஸ்டார்ச் ஏறத்தாழ 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும். 2 கப்பிலிருந்து அரை கப் கார்ன்மீலைத் தனியே எடுத்து, அரை கப் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியான கூழ் கிடைக்கும். அதைப் பட்டர்மில்க்கில் கட்டியில்லாமல் கரைத்து, சூடு ஆறிய பிறகு முட்டை சேர்த்து, மற்றதோடு கலக்குங்கள். பட்டர்மில்க்கைக் கால் கப் குறைத்துக்கொள்ளலாம். மைதா ஒரு ஸ்பூன்கூட இல்லாமல் துண்டு துண்டாக வெட்ட வரும், மக்காச்சோளத்தின் மணமும் கூடும். கோதுமை மாவைத் தேடிப் போவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதே சமயம், கொஞ்சம் உதிர்வது இதன் இயல்பு. தெற்கில் காலர்ட் கீரையை வேகவைத்த சாற்றுக்கு பாட்லிக்கர் என்று பெயர். கார்ன்பிரெட்டை அதில் உதிர்த்துப் போட்டும் சாப்பிடுவார்கள், தோய்த்தும் சாப்பிடுவார்கள். 1931இல் லூசியானா கவர்னர் ஹியூயி லாங் தோய்ப்பதுதான் முறை என்றார். அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் நாளிதழின் ஆசிரியர்களில் ஒருவரான ஜூலியன் ஹாரிஸ் உதிர்ப்பதுதான் முறை என்றார். அந்த வாதம் வாரக்கணக்கில் பத்திரிகைகளில் ஓடியது. ஆகவே கத்தியில் கேக் துண்டு மாதிரி நிற்கவில்லையே என்று வருந்த வேண்டாம். கையில் எடுக்கும்போது துண்டாக வந்தால் போதும்.

பல்லில் நறநறவென்று படுகிறது

கார்ன்மீலுக்குப் பதில் கிரிட்ஸ் (இன்னும் பெரிதாக உடைத்த மக்காச்சோளம்) அல்லது பெரிய மக்காச்சோள ரவை வாங்கியிருக்கலாம். அதை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் தீர்ந்தது. சரியான கார்ன்மீல்தான் என்றால் ஊறவில்லை என்று பொருள். கார்ன்மீலையும் பட்டர்மில்க்கையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் வையுங்கள், ராத்திரியே கலந்து ஃபிரிட்ஜிலும் வைக்கலாம். சோடாவும் பேக்கிங் பவுடரும் முட்டையும் சுடும் நேரத்தில் சேர்த்தால் போதும். சோடாவை முன்பே போட்டு ஊறவைத்தால் வாயு எல்லாம் போய்விடும், நறநறப்பு தீர்ந்து எழும்பாத பிரச்சினை வரும்.

நடுவில் களியாக, வேகாமல் இருக்கிறது

முதலில் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். நம் கடைகளில் கார்ன் ஃப்ளோர் என்று விற்பது வெள்ளை ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்கப் போடுவது. அதில் எத்தனை நிமிடம் சுட்டாலும் பசைதான் வரும். சோள மாவு என்று கேட்டால் கடைக்காரர் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவைக் கொடுத்துவிடலாம். மக்கி ஆட்டா என்று வட இந்தியக் கடைகளில் கிடைப்பது மக்காச்சோளம்தான், ஆனால் ரொம்ப நைஸ். தனியாகப் போட்டால் அடர்த்தியாக அமுங்கிவிடும். அதில் பாதியும் மக்காச்சோள ரவையில் பாதியும் கலந்தால் கார்ன்மீலுக்கு நெருங்கி வரும். அமெரிக்காவில் இருப்பவர்கள் மாசா ஹரீனாவை எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். அது மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு, மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டார்ட்டியாவுக்கு அருமையானது. கார்ன்பிரெட்டில் போட்டால் டார்ட்டியாவின் மணமும் கனமும்தான் வரும்.

மாவு சரி என்றால் சட்டியின் அகலத்தைப் பாருங்கள். இந்த அளவை 8 அங்குலச் சட்டியில் ஊற்றினால் மிகத் தடிமனாகும், ஓரம் காய்ந்த பிறகும் நடு வேகாது. அந்தச் சட்டிக்குப் பாதி அளவு போதும். வீட்டு ஓவன்களில், முக்கியமாகச் சின்ன ஓடிஜிகளில், திருகில் போட்டிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது வீண் செலவே இல்லை. நடுவில் 95 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது.

எழும்பவே இல்லை

இது அதிகம் எழும்பும் ரொட்டி இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குல உயரம் வந்தால் நன்றாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் குறைந்தால் பேக்கிங் பவுடரில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சூடான தண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் புதிது வாங்க வேண்டும். சோடாவுக்கு வினிகர் விட்டுப் பாருங்கள்.

அடுத்து பட்டர்மில்க். அமெரிக்காவில் விற்கும் பட்டர்மில்க் உறை ஊற்றிப் புளிக்கவைத்த, கெட்டியான பால். நம் வீட்டு மோரில் தண்ணீர் அதிகம், புளிப்பு குறைவு. சோடாவோடு வினைபுரிய அதில் போதிய அமிலம் இருக்காது. முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் பாலோ தண்ணீரோ விட்டுக் கடைந்தால் ஒரு கப் பட்டர்மில்க்குக்குச் சமம். பாலில் எலுமிச்சை பிழிந்தும் செய்யலாம், ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன். ஆனால் தயிரின் ருசி அதில் கிடைக்காது.

கலந்த மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள். சட்டி தயாரான பிறகு ஈரத்தையும் உலர்ந்ததையும் சேருங்கள். 'அதிகம் கிளறினால் ரப்பராகும்' என்ற எச்சரிக்கை மைதா சேர்த்த மாவுக்குத்தான். கார்ன்மீல் மட்டும் இருந்தால் குளூட்டன் இல்லை, ரப்பராகாது. வாயு வெளியேறும் என்பதற்காக மட்டும் அளவோடு கிளறினால் போதும்.

சோப்பு மாதிரி, கசப்பாக, இரும்பு வாடையாக

மூன்றும் வேறு வேறு. நாக்கில் எது படுகிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

சோப்பு மாதிரி வழுவழுத்தால் சோடா அதிகம், அல்லது புளிப்பு குறைவு. சாதாரணப் பாலை ஊற்றிச் சோடாவும் போட்டிருந்தால் இது நிச்சயம் வரும். ஒரு கப் பட்டர்மில்க்குக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது உச்ச வரம்பு. அமெரிக்கக் கடைகளில் செல்ஃப் ரைசிங் கார்ன்மீல் என்று ஒன்று இருக்கிறது. உப்பும் பேக்கிங் பவுடரும் அதிலேயே கலந்திருக்கும், சில பாக்கெட்டுகளில் மைதாவும் இருக்கும். அதைப் போட்டு மேலும் உப்பு, சோடா சேர்த்தால் வாயில் வைக்க முடியாது.

தொண்டையில் நிற்கும் கசப்போ, பழைய எண்ணெயின் சிக்கு வாடையோ இருந்தால் மாவு கெட்டுவிட்டது. முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் அப்படியே இருக்கும், வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். வாங்கியதும் ஃப்ரீசரில் போடுங்கள். எடுக்கும்போதெல்லாம் முகர்ந்து பாருங்கள். நல்ல மாவில் பச்சை மக்காச்சோளத்தின் இனிய மணம் வரும்.

இரும்பு வாடை அடித்து அடியில் கறுப்புப் படிந்தால், பழகாத சட்டியில் புளித்த மாவு நேரம் கழிந்து கிடந்திருக்கிறது. பழக்கி எடுங்கள், சுட்டதைச் சட்டியில் விட்டு வைக்காதீர்கள்.

வறண்டு தொண்டையை அடைக்கிறது, ருசியும் சப்பென்று

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லுக்குப் பதில் உலோக உருளைகளால் அரைக்கும் ஆலைகள் பரவியபோது மக்காச்சோளத்தின் முளையை நீக்கி அரைக்கும் வழக்கம் வந்தது. மாவு மாதக்கணக்கில் கெடாது, ஆனால் எண்ணெயும் மணமும் முளையோடு போய்விடும். பாக்கெட்டில் டிஜெர்மினேட்டட் என்று போட்டிருந்தால் அதுதான். அந்த மாவுக்குக் கொழுப்பை ஒரு ஸ்பூன் கூட்டி, சுடும் நேரத்தை இரண்டு மூன்று நிமிடம் குறையுங்கள். முடிந்தால் கல் எந்திரத்தில் அரைத்த முழு மாவுக்கு மாறுங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாத் திருத்தங்களையும்விடப் பெரியது.

சர்க்கரை போடலாமா? தெற்கின் பழைய முறையில் சர்க்கரை கிடையாது, இருந்தாலும் சிட்டிகைதான் என்பவர்கள் பலர். அதே தெற்கில் கறுப்பின மக்களின் பல வீடுகளில் இனிப்புக் கார்ன்பிரெட்தான் பரம்பரை ருசி. இரண்டும் உண்மையான வழக்கங்கள். மாவின் சப்பென்ற ருசியை மூடுவதற்காகச் சர்க்கரை போட வேண்டாம் என்பது மட்டும்தான் என் கருத்து. உப்பைச் சரிபார்த்துவிட்டு, பிடித்தால் ஒரு டேபிள்ஸ்பூன் போடுங்கள்.

அடி கருகுகிறது, வீடெல்லாம் புகை

வெண்ணெயா விட்டீர்கள்? அதிலுள்ள பால் துகள்கள் இந்தச் சூட்டைத் தாங்காது. வழக்கமான கொழுப்பு பன்றி இறைச்சியான பேக்கனை வறுத்தபின் எஞ்சுவது; அது வேண்டாம் என்றால் கடலை எண்ணெயும் நெய்யும் இந்தச் சூட்டுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். எதுவானாலும் சட்டியோடு சேர்த்து ஆரம்பத்திலேயே ஓவனில் வைக்காமல், ஊற்றுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால் விடுங்கள். சர்க்கரை சேர்த்த மாவும் அடி கருகும். ஓவனை 200 டிகிரிக்குக் குறைத்து, சட்டியை நடுத்தட்டில் வையுங்கள்.

மேல்பக்கம் கூம்பி வெடிக்கிறது

மாவு கெட்டி, அல்லது பேக்கிங் பவுடர் அதிகம். ருசியில் குறை இருக்காது. கவிழ்த்துப் பரிமாறினால் கண்ணிலும் படாது.

மறுநாள் கல்லாகிவிட்டது

ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். வெந்த ஸ்டார்ச் குளிரில்தான் வேகமாக இறுகும். ஒரு நாளுக்குத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். அதற்கு மேல் என்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். திரும்பச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். துண்டைக் குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவி, அதே சட்டியில் மிதமான தீயில் சிவக்க விடுங்கள். மீறிக் காய்ந்துபோனதை, அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) சமையலில் ரொட்டியை உதிர்த்துச் சுடும் டிரெஸ்ஸிங் செய்ய எடுத்து வைப்பார்கள். வெங்காயம், செலரி, கோழி ரசம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ள காய்ந்த கார்ன்பிரெட்தான் அதற்கு வேண்டும். இரவில் ஒன்றிரண்டு துண்டுதான் மீந்ததென்றால், உயரமான டம்ளரில் உதிர்த்துப் போட்டு, குளிர்ந்த பட்டர்மில்க்கை ஊற்றி ஸ்பூனால் சாப்பிடுங்கள். மேலே கொஞ்சம் மிளகுத்தூளும் பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயமும் தூவலாம்.